புருவம்

...தப்பு என்று எதைச் சொல்வது, இதுவரை சொன்னதில் தப்பாக ஒன்றும் இல்லையே, கடவுளால் ஆகாதது உண்டா என்கிறார், ஆகாதது ஒன்றும் இல்லைதான், அவள் கைகளும் அதைச் சொல்லி முடித்துவிட்டன, முன்னால் காது கேளாதவர்களின் இரண்டு வரிசையும் தலையாட்டிவிட்டது, பிறகு எதுதான் உறுத்துகிறது... பிரசங்கம் செய்துகொண்டிருந்த ஊழியக்காரர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்தபடியே பேசினார், உதடு மறைந்துவிட்டது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்கள் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்கள். வந்த முதல் ஞாயிறே இவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், கைக்குட்டை. இரண்டு விரலால் மேலுதட்டை ஒற்றியெடுத்தால் அது இவர். காது கேளாதவர்கள் தங்களுக்குள் யாரையும் பிறந்த பெயரால் கூப்பிடுவதில்லை, பார்த்ததும் எது கண்ணில் பட்டதோ அதுதான் பெயர். தம்பி கண்ணாடி வெட்டும் கடையில் சேர்ந்த புதிதில் முகவாயைக் கிழித்துக்கொண்டான், அன்றிலிருந்து அவன் தழும்பு. தையல் வேலைக்குப் போகிற அவன் மனைவி ஊசி. வரிசை ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் பெரியவர் மீசை. அவள் புருவம். மனதில் இருப்பதெல்லாம் அவளுக்குப் புருவத்துக்கு வந்துவிடுகிறதாம். வரத்தான் வேண்டும், இந்த மொழியில் கை பாதி, முகம் பாதி, கேள்வியா பதிலா, ஆமாவா இல்லையா என்பதையெல்லாம் முகம்தான் சொல்கிறது, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினால் அது யாருக்கும் புரியாது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவளுக்கு இது வந்துவிட்டது, வீட்டில் தம்பி இருந்தான், அவனோடு சண்டை போடவேண்டியிருந்தது, அவ்வளவுதான், யாரும் உட்கார்த்திவைத்துக் கற்றுத்தரவில்லை.

ஊழியக்காரர் மேடையில் இந்தப் பக்கம் நடந்தார், பலகை அதிர்ந்தது. முன்பு கட்டிலும் அலமாரியும் விற்ற கடை இது, சபை வாடகைக்கு எடுத்தபோது பழைய பலகைகளைக் கொண்டே மேடை அடித்தார்கள், உள்ளே வெறும் கூடு, ஒருவர் அழுத்தி நடந்தால் முதல் வரிசையின் பாதத்தில் தெரியும். இவர் பேசுகிறார், அவள் மேடை ஓரத்தில் நின்று கையால் சொல்கிறாள், முன்வரிசையில் யாராவது பேசினால் அதைத் தன் பக்கத்து மைக்கில் வாயால் சொல்கிறாள், இதுதான் அவள் ஊழியம். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பேசுகிறவர் நான் என்றால் அவளும் நான் என்றுதான் சொல்லவேண்டும், அவர் கோபப்பட்டால் அவள் முகமும் கோபப்படவேண்டும்... எத்தனை வருடம், எத்தனை பேருடைய கோபம். இவர் விருந்தாளியாக வந்து இது மூன்றாவது ஞாயிறு. முதல் ஞாயிறு அவள் அழுதுவிட்டாள். கைகள் பேசிக்கொண்டிருக்கும்போது கண்ணைத் துடைக்க முடியாது, வழிந்தது வழிந்தபடி நின்றாள், பெற்றவர்கள் உன்னை விட்டாலும் அவர் விடமாட்டார் என்று இவர் சொன்ன விதம் அப்படி. மறுநாள் அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில், வரவேற்பு மேசையில் அவளைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவே, என்னம்மா முகம் இன்னிக்குத் தெளிவா இருக்கு, என்றார். அது பொய்யா? எதிர்வீட்டுப் பெயிண்டர் குடியை விட்டிருக்கிறான், அவன் மனைவி தூண் பக்கம் உட்கார்ந்து கையைத் தூக்கிப் பாடுகிறாள், அது பொய்யா? முழுக்கப் பொய்யாக இருந்தால் எளிது. முழுப் பொய் பேசுகிறவனைக் கண்டுபிடிக்கப் பரிசுத்த ஆவியின் வரம் எதற்கு, இரண்டு கண் போதும். இவர் சொல்வதில் பெரும்பகுதி அவளே நம்புவது, அவளே முழங்காலில் நின்று சொல்வது. அதோடு ஒன்று சேர்ந்து வருகிறது, சோற்றில் கல் மாதிரி, வாயில் போடும்வரை தெரிவதில்லை, கடிபட்ட பிறகும் எந்தப் பக்கம் கடிபட்டது என்று நாக்கால் தேடவேண்டியிருக்கிறது.

சரி, தேடு, எது அந்தக் கல்? சுகம் கிடைத்தால் அவர் செய்தார் என்கிறார், நல்லது. கிடைக்காவிட்டால்? உனக்குள்ளே ஏதோ தடை இருக்கிறது, தேடிப்பார், ஒளித்துவைத்த பாவம், அரைகுறை விசுவாசம், யாராவது ஒருத்தரிடம் கசப்பு... தேடினால் கிடைக்காமலா போகும், யாருக்குத்தான் கிடைக்காது. அப்படியென்றால் இவர் கணக்கில் கடவுளும் தவறுவதில்லை, இவரும் தவறுவதில்லை, தவறுவதற்கு மிச்சம் இருப்பது முன்வரிசை மட்டும்தான். அந்த இடம்தான் கடிபடுகிறது. இல்லை, அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, போன ஞாயிறு சொன்னது. கையால் பேசுகிற ஒவ்வொரு தடவையும் நான் செவிடன், நான் செவிடன் என்று நீங்களே அறிக்கையிடுகிறீர்கள், கையை அடக்குங்கள், காது திறக்கும் என்றார். அதையும் அவள்தான் கையால் சொன்னாள். கையால் பேசாதே என்று கையால் சொன்னாள். மீசை தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்துவிட்டு, இதக் கழட்டி வாசல்ல செருப்போட விட்டுட்டு வரணுமா, என்று கேட்டார். வரிசை சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து அவள் இந்தச் சபையின் போதகரிடம் போனாள், ஐயா, அது எங்கேருந்து வந்தது, எந்த வசனம், என்று கேட்டாள். சிஸ்டர், அவசரப்படாதீங்க, அவர் மூலமா நிறைய நடக்குது, கனியப் பார்த்துத்தான் மரத்தைச் சொல்லணும், என்றார். பழுக்கிற வரைக்கும் சரிதான் ஐயா, அதுக்குள்ள மரமே சாஞ்சு அடியில இருக்கிறவங்க மேல விழுந்துட்டா? அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். நல்ல மனிதர். மற்ற சபைகளில் இவர்களைக் கடைசி வரிசையில், கதவோரம் உட்காரவைத்தபோது, முன்வரிசை உங்களுடையது, பார்க்க வேண்டியவர்கள் முன்னால்தானே இருக்கவேண்டும் என்றவர் இவர். வாருங்கள் என்பதற்கு ஒவ்வொரு வாரமும் தப்பான சைகையைக் காட்டுவார், போங்கள் என்று வரும், அவர்களும் சிரித்துக்கொண்டே உட்காருவார்கள். இப்போது மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஷூவில் என்ன இருக்கிறது?

"செவிட்டு ஆவி!" என்றார் ஊழியக்காரர், மைக் கீச்சிட்டது. "பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், செவிட்டு ஆவி!" அவள் கைகள் ஒரு கணம் நின்றன. இவர்கள் மொழியில் அந்தச் சொல்லில் வசை கிடையாது, காதையும் வாயையும் தொட்டால் நம்ம ஆள் என்றுதான் அர்த்தம், கடைத்தெருவில் யாரோ முன்பின் தெரியாதவன் அப்படிக் காட்டினால் இவர்கள் முகம் மலர்ந்துவிடும். அதையே காட்டி, ஆவி என்றும் காட்டினாள், அருவருப்பையும் முகத்தில் கொண்டுவரவேண்டியிருந்தது, அவர் குரலில் அருவருப்பு இருந்தது. மீசை பக்கத்து ஆளிடம் திரும்பி, "முப்பது வருஷமா எங்காதுல குடியிருக்கு, வாடகையே தரல" என்றார், மடிக்குக் கீழே, சின்னதாக. அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, பல்லைக் கடித்தாள்... சிரித்தால் கைக்குட்டை சிரித்ததாக ஆகிவிடும். தம்பி மீசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், புதன்கிழமை சாயங்காலம் உட்கார்ந்திருந்த மாதிரியே.

அன்றைக்கு வேலை முடிந்து அவன் வீட்டுக்குப் போனாள், சமையலறையில் மூன்று பேரும் இருந்தார்கள், இவன் இப்படித்தான் கையை அடியில் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னடா பண்றே, என்றாள். அவன் கையை எடுக்கவில்லை. மகள் எதிரே தரையில் நின்றுகொண்டிருந்தாள், காது நன்றாகக் கேட்கிற பிள்ளை, ஆனாலும் அவள் முதலில் சொன்ன சொல் கையால் சொன்னதுதான், பால் வேண்டும் என்று குட்டி முஷ்டியை மூடித் திறந்தாள், அன்று இவன் கடைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதைச் செய்துகாட்டினான். இப்போது இவன் வாயைத் திறந்து ஏதோ ஒரு சத்தத்தைப் பிள்ளையிடம் கொடுத்தான், தொண்டை புடைத்தது. பிள்ளை பயப்படவில்லை, வேடிக்கை பார்த்தாள், பிறகு கிட்டே வந்து அவன் தொடைக்கு அடியிலிருந்து கையை இழுக்கப் பார்த்தாள், ஒவ்வொரு விரலாக. ஊசி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பினாள், சோப்பு நுரை சுவரெல்லாம் தெறிக்கப் பேசினாள். "பாத்தீங்களா அண்ணி, உங்க தம்பி எங்கிட்டப் பேசறதே இல்ல. சண்டை போடணும்னாலும் எதிர்ல ஒரு ஆள் வேணாமா? கையக் கட்டினா காது தெறக்குமாம். அப்ப என்னை என்ன பண்றதா உத்தேசம்னு கேளுங்க, எனக்கும் சேத்துக் கட்டிடப் போறாரா?" அவள் தம்பியின் எதிரே உட்கார்ந்து, நடக்காதுன்னு நான் சொல்லலடா, என்றாள். அப்போதுதான் அவன் கையை எடுத்தான். "நடக்கும்னும் நீ சொல்லல. உனக்கு என்னக்கா, நாள் பூரா கேட்டுட்டே இருக்கே, அலுத்துக்கூடப் போயிருக்கும். எம்பொண்ணு அழுதா எனக்கு லைட்டப் போட்டு முகத்தப் பாத்தாத்தான் தெரியுது. ஒரு தடவ போதும். ஒரே ஒரு தடவ." அதற்கு அவள் என்ன சொல்ல முடியும், அவளும் அதைத்தானே சின்ன வயதிலிருந்து கேட்டாள், அவன் தூங்கும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஆண்டவரே, நாளைக்குக் காலையில... எத்தனையோ காலைகள் வந்தன. பதில் இல்லை என்று அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பதில் இல்லாததோடு வாழப் பழகியதுதான் தன் விசுவாசம் என்று நினைத்திருந்தாள்... அதைத்தான் இவர் அரைகுறை என்கிறாரோ?

"இன்று ஒருவர் சாட்சியாக நிற்கப்போகிறார்" என்றார் ஊழியக்காரர். "யார் அந்த மகன்? யார் அந்த மகள்?" அவள் கைகள் யார் என்று கேட்டு முடிப்பதற்குள் தம்பி எழுந்துவிட்டான். ஊசி அவன் சட்டை நுனியைப் பிடித்தாள், பிடி வழுகியது. படியேறி வருகிறவனை ஊழியக்காரர் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டார், அந்த அணைப்பில் அன்பு இல்லை என்று சொல்லமுடியாது, அதுதான் கஷ்டம், இவர் கண்ணும் கலங்கியிருக்கிறது, இவர் நடிக்கவில்லை, ஒருவேளை இவருக்கே தெரியாதோ... தெரியாமல் சொன்னால் பொய் மெய்யாகிவிடுமா? காமிராவை இவர்கள் பக்கம் திருப்பினார்கள். இயேசு அந்தக் காது கேளாதவனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துக்கொண்டு போனார், அவளுக்குச் சட்டென்று அது நினைவுக்கு வந்தது, இந்த இரண்டு வரிசைக்கும் மிகவும் பிடித்த கதை அது, மீசை அதை நடித்தே காட்டுவார், தனியே கூட்டிக்கொண்டு போகிறார், அவன் காதில் விரலை வைக்கிறார், நாக்கைத் தொடுகிறார், மேலே பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார்... பாத்தியா, வாயால சொல்றதுக்கு முன்னாடி கையால சொல்லிட்டாரு, நம்ம பாஷை அவருக்கு வரும், என்பார் மீசை. தனியே. அது ஏன் தனியே? திறந்த காதில் முதலில் விழுவது கூட்டத்தின் இரைச்சலாக இருக்கவேண்டாம் என்றா, அவனைக் காட்சிப்பொருளாக்கவேண்டாம் என்றா? யாரிடமும் சொல்லாதே என்று வேறு சொல்லி அனுப்பினாராம். இங்கே ஒலிபெருக்கி, டிரம், காமிரா. ஆனாலும் கடவுள் இங்கேயும் செய்யலாமே, ஒலிபெருக்கி இருக்கிறது என்பதற்காக வராமல் போவாரா, நீ யார் அவருக்கு இடம் குறித்துக்கொடுக்க... தம்பி அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றான், அவள் கையைப் பார்த்தால்தானே அவனுக்கு எதுவும் தெரியும், ஊழியக்காரர் அவனுக்குப் பின்னால் நின்றார், அவன் இரண்டு காதிலும் விரலை விட்டார். "திற!" அவள் திற என்று காட்டினாள். டிரம் அடித்தது. தம்பியின் கண்கள் அவள் முகத்திலேயே இருந்தன, கூட்டத்தில் தொலைந்த பிள்ளை தெரிந்த முகத்தைப் பார்ப்பது போல. ஊழியக்காரர் விரலை எடுத்தார், இரண்டு கையையும் அவன் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றோடொன்று ஓங்கித் தட்டினார்.

தம்பி திரும்பினான்.

கூடம் வெடித்தது. அல்லேலூயா, ஸ்தோத்திரம், நாற்காலிகள் பின்னால் சாய்ந்தன, பெயிண்டரின் மனைவி ஓவென்று அழுதாள், மேடை ஓரத்தில் அவளுக்குள்ளும், ஆண்டவரே, ஆண்டவரே, செய்தீரா... ஒரு மூச்சுக்கு அவள் முழுவதும் நம்பினாள். பிறகு ஒன்று உறைத்தது. அந்தச் சத்தம் வந்தபோது தன் இமை அடித்துக்கொண்டது அவளுக்குத் தெரியும், தோள் தூக்கிப்போட்டது, யாருக்குத்தான் போடாது. தம்பி தன் வாழ்நாளெல்லாம் அப்படித்தான் சத்தத்தைத் தெரிந்துகொள்கிறான், எதிரே இருப்பவர்களின் முகத்தில், குக்கர் கூவினால் அவள் கழுத்து திரும்பும், அவன் அடுப்பைப் பார்ப்பான், வாசலில் மணி அடித்தால் அம்மாவின் கண் போகும், அவன் எழுந்து போய்க் கதவைத் திறப்பான். வந்தவர்கள், உங்க பையனுக்குக் கேக்குதே, என்பார்கள். ஆனால் மேடை அதிர்ந்திருக்கலாம், அவர் அழுத்தி நின்றிருக்கலாம். அல்லது நிஜமாகவே... "இன்னும் ஒருமுறை!" என்றார் ஊழியக்காரர். தம்பியைப் பிடித்து மறுபடியும் அவள் பக்கம் திருப்பினார். இப்போது அவள் முகத்தை இறுக்கிக்கொண்டாள். கல்லாக இரு, கண்ணை மூடாதே, மூச்சுகூட விடாதே, அவன் திரும்பினால் அது கடவுள், திரும்பாவிட்டால்... ஊழியக்காரரின் கைகள் தம்பியின் தலைக்கு மேலே இரண்டு பக்கமும் விரிந்தன, அவள் பார்த்துவிட்டாள், வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, இமை முந்திக்கொண்டது. தம்பி திரும்பினான். கைகள் அதற்குப் பிறகுதான் ஒன்றோடு ஒன்று மோதின. இம்மிதான் வித்தியாசம். கூடத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை, கூடம் பார்த்தது சத்தத்தையும் திரும்புதலையும், எது முதலில் என்று யார் பார்ப்பார்கள். அவள் பார்த்தாள். இரண்டு வரிசையும் பார்த்தது. மீசையின் கை மடியில் அசையாமல் கிடந்தது, ஊசி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"சிஸ்டர், கேளுங்க, என்ன கேட்டுச்சுன்னு கேளுங்க!" அவள் கேட்டாள், முறைப்படி, அவருடைய கேள்வியாகவே. தம்பி அதற்குப் பதில் சொல்லவில்லை. முகமெல்லாம் ஈரம், அவளைப் பார்த்து, அவளை மட்டும் பார்த்துச் சொன்னான், "அக்கா, நெஞ்சுல ஒரு தட்டு தட்டிச்சு. சத்தம்னா இதுதானா?" அவனுக்கு எப்படித் தெரியும், இதுவரை ஒன்று இருந்திருந்தால்தானே ஒப்பிட்டுப்பார்க்க. டிரம் அருகில் நின்றால் நெஞ்சில் யாருக்கும் தட்டும். அவளிடம் அவன் எத்தனையோ கேட்டிருக்கிறான், மழைக்குச் சத்தம் உண்டா, நிலா வரும்போது ஏதாவது கேட்குமா, பொய் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். இப்போது இல்லை என்று சொல்லவேண்டும். ஆமா என்று சொன்னால்? ஒரே ஒரு தடவை என்றானே. ஆமா என்றால் இன்று முழுக்க அவனுக்குச் சந்தோஷம், நாளைக்குப் பிள்ளை அழும்போது? அப்போது தடை அவனுக்குள்ளே இருக்கும், தேடிக்கொண்டே இருப்பான், கண்ணாடி வெட்டிக்கொண்டே தேடுவான்... "என்ன சொல்றார் சிஸ்டர்?" கூடம் அடங்கியது. சொல்லிவிடலாம், அவன் சொன்னதை அப்படியே சொல்லிவிடலாம், கூட்டாமல் குறைக்காமல், நெஞ்சில் தட்டியதாம், இதுதான் சத்தமா என்று கேட்கிறான், அவ்வளவும் நிஜம், அதை வைத்து இவர்கள் என்ன கட்டுகிறார்களோ கட்டட்டும், அது அவள் பொறுப்பு இல்லை... எல்லாச் சொல்லும் நிஜமாக இருந்துகொண்டே பொய்யாக இருக்கமுடியும், மூன்று ஞாயிறாக நாக்கால் தேடிய இடம் இதுதான் போலிருக்கிறது. ஊழியக்காரர் அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பேச்சு வரவில்லை, ஆனந்தம்! இன்று முதல் இந்தக் கை பேசாது. இந்த வாய் பேசும்!" என்று தம்பியின் பின்னாலிருந்தே அவன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, கீழே இறக்கி, இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டார். தம்பி ஏதோ சொல்லவந்தான். விரல்கள் மட்டும் அசைந்தன. விரல் மட்டும் அசைந்தால் அது எந்தச் சொல்லும் இல்லை.

"ஐயா, கைய விடுங்க" என்றாள். மைக்கில் கேட்டது தன் குரல்தானா என்று இருந்தது. இந்த மேடையில் இத்தனை வருடத்தில் அவள் நான் என்று சொன்னதெல்லாம் வேறு யாரோ. "கைய விடுங்க ஐயா, அவன் பேசிட்டிருக்கான்." ஊழியக்காரர் புரியாமல் பார்த்தார், பிடி தளர்ந்தது. "அவனுக்குக் கேக்கல. நீங்க தட்டினப்ப நான் கண்ணச் சிமிட்டினேன். அதப் பாத்துத் திரும்பினான். ரெண்டாவது தடவ நீங்க தட்டறதுக்கு முன்னாடியே திரும்பிட்டான்." சொல்லும்போதே கைகளும் சொல்லிக்கொண்டிருந்தன, வாய்க்கு முன்னால் கை போனதா, கைக்கு முன்னால் வாயா, தெரியவில்லை. "சத்தம் இல்லடா. என் கண்ணு." தம்பி அவள் கையைப் பார்த்தான். அவன் முகம் மூடிக்கொள்ளவில்லை, உடையவும் இல்லை, ஏதோ ஒன்று அதிலிருந்து இறங்கிப்போனது, அவ்வளவுதான். மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "கொஞ்ச நேரம் விட்டிருக்கலாமேக்கா" என்றான். அதை மைக்கில் சொல்லவேண்டும், முன்வரிசை பேசுவதையெல்லாம் சொல்லத்தானே அந்த மைக். அவள் சொல்லவில்லை. முதல் தடவையாக ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். போதகர் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தார். யாருக்காக எழுந்தார் என்று தெரியவில்லை, எழுந்தவர் அங்கேயே நின்றார்.

ஊழியக்காரர் கைக்குட்டையை எடுத்தார், முகத்தைத் துடைத்தார், மடித்தார், பையில் வைத்தார். கோபப்படவில்லை. குரல் இறங்கியது, முதல் ஞாயிறு அவளை அழவைத்த அதே குரல். "பார்த்தீர்களா சபையே, தடை எங்கே இருந்தது என்று. வெளியே தேடினோம், மேடையிலேயே நின்றிருக்கிறது." சலசலப்பு எழுந்தது. முன் இரண்டு வரிசையும் அவளைப் பார்த்தது, அவர் உதடு அசைகிறது, என்ன சொல்கிறார் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும், இந்தக் கூடத்தில் அதைச் சொல்ல அவளை விட்டால் ஆள் இல்லை. அவள் கையைத் தூக்கினாள். வெளியே தேடினோம், மேடையிலேயே நின்றிருக்கிறது. "இந்தச் சகோதரிக்கு இவர் காது திறக்கவேண்டும் என்ற விருப்பம் இல்லை." இந்தச் சகோதரி என்ற இடத்தில் கை எங்கே காட்டுவது என்று ஒரு தயக்கம், பிறகு தன் நெஞ்சைக் காட்டினாள். மீசை, போதும், நிறுத்து, என்று கையை வீசினார், அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவர் சொன்னது அவர்களுக்குப் போகாமல் அவளே வடிகட்டியதாக ஆகும், யாருக்கு எது தெரியவேண்டும் என்று முடிவுசெய்ய அவள் யார். "திறந்துவிட்டால் இவருக்கு இந்தச் சகோதரி தேவைப்படமாட்டார். அந்தப் பயம்தான் இத்தனை வருடம் இவர் காதை அடைத்து வைத்திருந்தது." பொய், என்று உள்ளே ஒரு குரல் உடனே சொன்னது, கடைந்தெடுத்த பொய், ஒருவர் பயத்தால் இன்னொருவர் காது அடைபடுமா, எந்தக் கடவுள் அப்படி ஒரு பூட்டைச் செய்வார், அந்தக் கடைசி வாக்கியம் பொய், சரி. அதற்கு முந்தினது? பள்ளிக்கூட வாசலில், டாக்டர் அறையில், பெண் பார்க்கப் போன வீட்டில், எங்கே போனாலும் தம்பி முதலில் திரும்பிப் பார்ப்பது அவளைத்தான், அது அவளுக்குப் பாரமாக இருந்ததா, எப்போதாவது, ஒரு நாளாவது? தூங்குகிறவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு நாளைக்குக் காலையில என்று கேட்டவள், எழுந்து அவன் இன்னும் அப்படியே இருப்பதைப் பார்த்தபோது... வருத்தம் மட்டும்தானா? சத்தம் இல்லை என்று அவள் சற்றுமுன் கையால் சொன்னாளே, எவ்வளவு சீக்கிரம் சொன்னாள். உண்மைதான், அது உண்மைதான், அவன் திரும்பியது இமையைப் பார்த்துத்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பொய் சொல்கிறவரின் வாயிலிருந்து, அவர் அறியாமலே ஒரு நிஜமும்... கை அந்த வாக்கியத்தையும் முடித்தது, கூட்டவில்லை, குறைக்கவில்லை. தம்பி கையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவர் சொல்வதை அவள் ஒத்துக்கொள்கிறாளா என்று அங்கேதான் அவனுக்குத் தெரியும். இல்லை என்று முகம் சொல்லவேண்டும் என்று அவள் விரும்பினாள். சொல்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.